எட்டு ஆரச் சக்கரம் கொழும்பில் சுழலுமா? பேகன் பருவ வழிபாடு பற்றி ஒரு விளக்கம்

ஒக்டோபர் கடைசி வாரம் வந்தால் கொழும்பின் பெரிய கடைத்தொகுதிகளில் பூசணிக்காய் முகங்களும் பிளாஸ்ரிக் எலும்புக்கூடுகளும் தொங்கத் தொடங்கிவிடும். டிசம்பர் 21 அளவில் கைபேசிக்கு "யூல் வாழ்த்துகள்" என்று ஒரு படம் வந்து சேரும். லண்டனில் இருக்கும் பேத்தி குடும்பக் குழுவில் "நான் இப்போது பேகன்" என்று எழுதிவிட்டால் வெள்ளவத்தையில் இருக்கும் அம்மம்மா கேட்கும் முதல் கேள்வி: "பிள்ளை சூனியம் கீனியம் பழகுதோ?"

இன்னொரு கேள்வியும் உண்டு. இங்கேயே, கொழும்பிலேயே இருந்துகொண்டு பேகன் நெறியில், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பிய வழிபாடுகளை இன்று மீட்டெடுக்க முனையும் நெறியில், ஈடுபாடு கொள்பவர்கள் கேட்பது அது. ஐரோப்பாவின் நான்கு பருவங்களுக்கென்று அமைந்த ஒரு வழிபாட்டு ஆண்டை, பனியும் இல்லாத, இலையுதிர் காலமும் இல்லாத ஒரு துறைமுக நகரில் எப்படி வாழ்வது? முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. இரண்டாவதற்குக் கொஞ்சம் வானியல் தேவைப்படும்.

பேகன் நெறி: அடிப்படை

இன்று தங்களைப் பேகன் என்று அழைத்துக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தவர் அல்லர். தலைமைப் பீடம் கிடையாது, எல்லோரும் ஏற்கும் திருநூலும் கிடையாது. இங்கிலாந்தில் உருவான விக்கா, பண்டைய கெல்டிக் பூசகர்களை முன்மாதிரியாகக் கொள்ளும் துரூயிட் நெறி, வட ஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஹீதன் நெறி எனப் பல கிளைகள் இந்தக் குடையின் கீழ் வருகின்றன. பொதுவாக மூன்று விடயங்களைக் காணலாம்: இயற்கையைப் புனிதமாகக் கொள்வது, ஒன்றுக்கு மேற்பட்ட தெய்வங்களையோ ஆண் பெண் தெய்வ இணையையோ வணங்குவது, ஆண்டின் சுழற்சியை வழிபாட்டின் அச்சாக வைப்பது.

ஐஸ்லாந்தில் பழைய நோர்ஸ் தெய்வ நெறியை மீட்டெடுத்த அமைப்பு 1973இலேயே அரச அங்கீகாரம் பெற்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எடுத்த குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதினார்கள். சிறிய தொகைதான், ஆனால் ஒளித்துச் செய்யும் காரியமாக அது இல்லை.

சரி, சூனியமா? விக்கா நெறியினர் தங்களைச் சூனியக்காரர் என்று பொருள்படும் "விட்ச்" என்ற ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்துக்கொள்வதால் இந்தக் குழப்பம் வருகிறது. பிறருக்குத் தீங்கு வராதவரை விரும்பியதைச் செய் என்பதே அவர்களுடைய அடிப்படை ஒழுக்க விதி. சாத்தான் கிறிஸ்தவ மரபுக்குரிய உருவம். விக்காவின் தெய்வ வரிசையில் அவனுக்கு இடம் இல்லை. எங்கள் ஊரில் பில்லி, சூனியம் என்று சொல்லிப் பயப்படும் விடயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அம்மம்மாவிடம் இவ்வளவும் சொன்னால் போதும்.

எட்டு ஆரங்கள் எவை?

பெரும்பாலான பேகன்கள் பின்பற்றும் ஆண்டு நாட்காட்டிக்கு "ஆண்டுச் சக்கரம்" என்று பெயர். அதில் எட்டு நாட்கள் வருகின்றன. நான்கு சூரியனின் நிலையை வைத்துக் கணிக்கப்படுபவை. மற்ற நான்கும் அவற்றுக்கு இடைப்பட்டவை.

1. சவ்வின் (ஒக்டோபர் 31): கால்நடைகளை மேய்ச்சல் மலையிலிருந்து இறக்கும் காலம். இன்றைய பேகன்களுக்கு முன்னோரை நினைக்கும் நாளும் இதுதான். ஹலோவீன் கொண்டாட்டம் வருவதும் இதே நாளில்.
2. யூல் (டிசம்பர் 21 அளவில்): பூமியின் வட பாதியில் ஆண்டின் மிக நீண்ட இரவு.
3. இம்போல்க் (பெப்ரவரி 1): செம்மறிகள் பால் சுரக்கத் தொடங்கும் காலம்.
4. ஓஸ்டாரா (மார்ச் 20 அளவில்): இரவும் பகலும் சமமாகும் நாள்.
5. பெல்டேன் (மே 1): இரு தீக்களுக்கு நடுவே மாடுகளை ஓட்டி, கோடை மேய்ச்சலுக்கு அனுப்பும் நாள்.
6. லித்தா (ஜூன் 21 அளவில்): மிக நீண்ட பகல்.
7. லூனசா (ஓகஸ்ட் 1): முதல் தானிய அறுவடை.
8. மேபன் (செப்டெம்பர் 22 அளவில்): மீண்டும் சம இரவு.

பட்டியலைப் பார்த்தாலே தெரியும், இது மாடும் செம்மறியும் கோதுமையும் உள்ள, குளிர்கால இருட்டுக்கு அஞ்சும் ஒரு நாட்டின் நாட்காட்டி. புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவருக்கு இம்போல்க் நாளில் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. பெப்ரவரி முதல் வாரம், மழை குறைந்த காலம், அவ்வளவுதான்.

கல்தோன்றி மண்தோன்றாக் காலத்ததா?

இணையத்தில் இந்தச் சக்கரத்தைப் பற்றிப் படித்தால் அது பல்லாயிரம் ஆண்டு பழையது என்ற எண்ணம் வரும். பெருமை பேசுவது நமக்கும் புதிதல்லவே. ஆனால் எட்டு நாட்களையும் ஒருசேரக் கொண்டாடிய பண்டைய மக்கள் கூட்டம் எதற்கும் சான்று இல்லை. சவ்வின், இம்போல்க், பெல்டேன், லூனசா நான்கும் இடைக்கால அயர்லாந்து இலக்கியங்களில் வருகின்றன. யூல் வட ஐரோப்பியக் குளிர்காலப் பண்டிகை. ஓஸ்டாராவின் பெயருக்குப் பின்னால் இருப்பது பீட் என்ற ஆங்கிலத் துறவி 725இல் எழுதிய சில வரிகள் மட்டுமே. மேபன் என்ற பெயரை வேல்ஸ் நாட்டுக் கதையிலிருந்து எடுத்து செப்டெம்பர் நாளுக்கு வைத்தவர் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர்; அது 1970களில் நடந்தது.

இவற்றை ஒரே சக்கரமாகக் கோத்தது 1950களின் இங்கிலாந்து. அதில் பெரிய பங்கு ஜெரால்ட் கார்ட்னருக்கு (1884–1964) உண்டு. சூனிய சக்தி தமக்கு உண்டு என்று பாசாங்கு செய்வோரைத் தண்டிக்கும் 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் அவர் எழுதிய நூலின் வழியாகத்தான் விக்கா வெளியுலகுக்குத் தெரியவந்தது. துரூயிட் நெறியை மீட்டமைத்த ரொஸ் நிக்கல்ஸ் அவருடைய நண்பர். இடைப்பட்ட நான்கு நாட்களும் சூரியனின் நான்கு நாட்களும் ஒரே தரத்தில் வைக்கப்பட்டது அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான்.

கொழும்பு வாசகருக்கு இங்கே ஒரு துணைச்செய்தி. கார்ட்னர் இளமையில் இலங்கையில் வாழ்ந்தவர். 1900ஆம் ஆண்டு, பதினாறு வயதில் இங்கு வந்து, மஸ்கெலியாப் பகுதியில் லாட்புரோக் என்ற தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழகினார். 1910இல் கொழும்பில் இயங்கிய ஸ்பிங்ஸ் என்ற ஃப்ரீமேசன் சபையில் (இரகசியச் சடங்குகள் கொண்ட ஆண்களின் சகோதரச் சங்கம்) சேர்ந்தார். அடுத்த ஆண்டு போர்னியோவுக்குப் போய், பிறகு மலாயாவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். விக்காவின் சடங்கு அமைப்பில் ஃப்ரீமேசன் சடங்குகளின் சாயல் நிறைய இருக்கிறது: மூன்று படிநிலைத் தீட்சை, கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துவருவது, இரகசிய உறுதிமொழி. அந்தச் சடங்கு உலகத்துக்குள் அவர் முதலில் காலெடுத்து வைத்தது எங்கள் நகரத்தில்.

தோட்டத்துரைமார் அப்படித் தங்கள் சபைகளில் கூடிக்கொண்டிருக்க, மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் வேறொரு பருவச் சடங்கை வைத்திருந்தார்கள். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, ரதி மன்மதனைப் பாட்டிலும் ஆட்டத்திலும் கொண்டுவந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிய, ரதி புலம்ப, அவன் மீண்டு வரும் காமன் கூத்து அது. இன்றும் ஆடப்படுகிறது. இறந்து மீளும் தெய்வம் என்று பேகன் நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் கருத்தை ஒரு ஊர் முழுவதும் இரவிரவாகத் தப்படித்து நடத்திக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்க அயர்லாந்து போகவேண்டியதில்லை, ஹற்றன் போனால் போதும்.

புதிதாகக் கோக்கப்பட்டது என்பதால் சக்கரம் பொய் என்றாகிவிடாது. எல்லாச் சமயங்களின் நாட்காட்டிகளும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ கோத்தவைதான். ஆனால் கோத்தவர்கள் எந்த அகலக்கோட்டில் இருந்து கோத்தார்கள் என்பது முக்கியம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கொழும்பு வானில் சக்கரத்துக்கு என்ன ஆகிறது?

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால் பருவங்கள் உண்டாகின்றன என்று பாடசாலையில் படித்திருப்போம். அந்தச் சாய்வின் விளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. லண்டன் 51.5 பாகை வட அகலக்கோட்டிலும் கொழும்பு 6.9 பாகையிலும் இருக்கின்றன. இதனால் வரும் வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*பகலின் நீளம்.* லண்டனில் ஜூன் மாதத்து நீண்ட பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கு மேல். டிசம்பரின் குறும்பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. கொழும்பில் நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 31 நிமிடம், குறும்பகல் 11 மணி 43 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். யூல் என்பது ஒளி திரும்பி வரும் இரவு. ஒளி போகாத இடத்தில் எது திரும்பி வரும்?

*சூரியனின் உயரம்.* டிசம்பர் 21 அன்று நண்பகலில் கொழும்புச் சூரியன் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கும். எங்களுக்கு ஆண்டின் மிகத் தாழ்ந்த நண்பகல் அதுதான். லண்டனில் ஆண்டின் மிக உயர்ந்த நண்பகல் 62 பாகை. அதாவது அவர்களுடைய நடுக்கோடையும் எங்களுடைய "நடுக்குளிர்காலமும்" சூரியனுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

*உச்சிச் சூரியன்.* லண்டனில் சூரியன் ஒருபோதும் தலைக்கு நேரே வராது. கொழும்பில் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது: ஏப்ரல் 7 அளவிலும் செப்டெம்பர் 5 அளவிலும். வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு ஏப்ரலிலும் எந்த ஊருக்கு மேலே எத்தனை மணிக்குச் சூரியன் உச்சம் கொடுக்கும் என்று அறிவிப்பது இதைத்தான். அந்த நாளில் நண்பகல் 12.12 அளவில் மொட்டைமாடியில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்தால் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒதுங்கிவிடும். எட்டு ஆரங்களில் எதிலும் இந்த நாள் இல்லை, ஏனென்றால் சக்கரத்தைச் செய்தவர்களின் வானில் அது நிகழ்வதே இல்லை.

*நண்பகல் சூரியன் நிற்கும் திசை.* ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. விக்கா சடங்கில் வட்டம் வரையும்போது "சூரியன் போகும் வழியில்", அதாவது வலஞ்சுழியாக, சுற்றவேண்டும். தெற்குத் திசை நெருப்புக்கு உரியது, ஏனென்றால் இங்கிலாந்தில் வெயில் அங்கிருந்து வருகிறது. அவுஸ்திரேலியப் பேகன்களில் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றி, வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறார்கள். கொழும்பிலோ ஆண்டின் ஐந்து மாதங்களுக்குச் சூரியன் இடஞ்சுழி, ஏழு மாதங்களுக்கு வலஞ்சுழி. விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுபவர் ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் திசை மாறவேண்டும். கோயிலில் வலமாகச் சுற்றிப் பழகிய கால்களுக்கு இது கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும்.

ஆகவே தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்வது, லண்டன் குளிருக்குத் தைத்த கம்பளிக் கோட்டை ஏப்ரல் வெயிலில் போட்டுக்கொண்டு காலி வீதியில் நடப்பதற்குச் சமம். தென் பாதியில் உள்ளவர்கள் செய்வதுபோல ஆறு மாதம் தள்ளி வைப்பதும் இங்கு உதவாது. தள்ளி வைப்பதற்குக் குளிர்காலம் ஒன்று இருக்கவேண்டுமே.

சூரியன் இங்கே மௌனமாக இருக்கிறதா?

இல்லை. பகலின் நீளத்தில் சொல்லாததை அது தொடுவானில் சொல்கிறது. கொழும்புக்கு மேற்கே திறந்த கடல் இருப்பது இந்த விடயத்தில் பெரிய வசதி. வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து கரையில் நின்று மேற்கே பாருங்கள். ஜூன் கடைசியில் சூரியன் நேர்மேற்கிலிருந்து 23 பாகைக்கு மேல் வலப்பக்கமாக, கோட்டைப் பக்கம் சாய்ந்து விழும். டிசம்பர் கடைசியில் அதே அளவு இடப்பக்கமாக, கல்கிசைப் பக்கம். இரண்டுக்கும் இடையே 47 பாகை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஐந்து முஷ்டிக்குச் சற்றுக் குறைவான தூரத்தைச் சூரியன் கடலில் நடந்து கடக்கிறது. ஜூன் மாதம் மேகம் மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். ஒரே இடத்தில் நின்று, கரையிலுள்ள ஒரு பாறையையோ தந்திக்கம்பத்தையோ குறியாக வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பார்த்தால், இங்கிலாந்தின் பண்டைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர்கள் கல்லை நிறுத்திக் குறித்த விடயம் கண்முன்னே நடக்கும்.

மாலை நேரமும் ஒரு சங்கதி சொல்கிறது. கொழும்பில் சூரியன் மிக முந்தி மறைவது டிசம்பர் 21 அன்று அல்ல, நவம்பர் நடுப்பகுதியில், ஆறு மணிக்குக் கிட்டத்தட்டப் பத்து நிமிடம் முன்பே. மிகப் பிந்தி மறைவது ஜூலை நடுப்பகுதியில், ஆறரை மணியளவில். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் இடையே வரும் இழுபறியால் இப்படி ஆகிறது. வட நாடுகளில் பகலின் பெரிய ஏற்றத்தாழ்வில் இது மூழ்கிவிடும்; எங்களுக்குத் துலக்கமாகத் தெரியும். வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறதே என்று நவம்பரில் தோன்றுவது வெறும் மனப்பிரமை அல்ல. அந்த முன்னிருட்டுக்குக் கிட்டவாகவே கார்த்திகை விளக்கீடு வருகிறது.

கொழும்பின் உண்மையான நான்கு காலங்கள்

மத்தியகோட்டுக்கு அருகில் பருவத்தைத் தீர்மானிப்பது காற்றும் மழையும். ஆசியப் பெருநிலம் கோடையில் சூடேறிக் காற்றை உள்ளிழுக்க, தென்மேற்கிலிருந்து கடற்காற்று வருகிறது. குளிர்காலத்தில் அது திரும்பி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. எங்கள் பேச்சில் முன்னது சோளகம், பின்னது வாடை. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அது எந்த மாதத்தில் எப்படிப் பெய்கிறது என்பதே இங்கு பருவம்.

1. முதல் இடைப்பருவம் (மார்ச், ஏப்ரல்). காற்று அடங்கி, வெக்கை ஏறி, பின்னேரம் இடியோடு மழை கொட்டும். முள்முருக்கு சிவந்து பூக்கும். குயிலின் கூவல் காலையிலேயே தொடங்கும். உச்சிச் சூரியன் வருவதும் சித்திரைப் புத்தாண்டு வருவதும் இந்தக் காலத்தில். கொழும்புக்குக் கோடை என்று ஒன்று இருந்தால் அது இதுதான், ஜூன் அல்ல.

2. தென்மேல் பருவக்காற்று (மே முதல் செப்டெம்பர் வரை). கடல் கொந்தளிக்கும், வெள்ளவத்தையில் அலை தண்டவாளக் கற்கள் வரை ஏறும். உடுப்புக் காயாது. வெசாக் வெளிச்சக்கூடுகள் மழைக்கு நனைந்து தொங்குவது வழக்கமான காட்சி. இதே காற்று மலையைத் தாண்டி மட்டக்களப்பில் இறங்கும்போது ஈரம் இழந்து, வறண்ட கச்சான் காற்றாக வீசும். ஒரு சிறு தீவுக்குள்ளேயே ஒரே மாதம் ஓரிடத்தில் மழைக்காலம், இன்னோரிடத்தில் வரட்சி. ஆகவே "இலங்கைக்கான ஆண்டுச் சக்கரம்" என்றுகூட ஒன்றை வரைந்துவிட முடியாது. கொழும்புக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று என்றுதான் வரையவேண்டும்.

3. இரண்டாம் இடைப்பருவம் (ஒக்டோபர், நவம்பர்). கொழும்பில் மழை மிகுந்த காலம். வட நாட்டிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேர்வதும் இப்போதுதான். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்தும் வட, மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் வந்து, வீட்டுத் தோட்டத்து மரநிழலில் சருகைக் கிளறிக்கொண்டு ஏப்ரல் வரை தங்கும். விடியற்காலையிலும் மாலை ஆறு மணி அளவிலும் அது கொடுக்கும் இரட்டைச் சீழ்க்கையை ஒக்டோபரில் முதன்முறை கேட்கும் நாளை ஒருவர் தன் ஆண்டின் தொடக்கமாக வைத்துக்கொண்டால், அது பூசணிக்காய் செதுக்குவதைவிடப் பேகன் தன்மை கொண்டது என்பது என் கருத்து.

4. வடகீழ் பருவக்காற்று (டிசம்பர் முதல் பெப்ரவரி வரை). வடக்கிலும் கிழக்கிலும் மழை. கொழும்பில் வானம் வெளித்து, காலையில் மெல்லிய குளிர். கடல் தணியும்.

இவற்றோடு சந்திரனையும் சேர்க்கவேண்டும். விக்காவில் பூரணை இரவு வழிபாட்டுக்கு "எஸ்பட்" என்று பெயர். இங்கிலாந்தில் அதைச் செய்பவர் பகல் முழுவதும் வேலை பார்த்துக் களைத்து வந்து செய்யவேண்டும். இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை. சந்திரனுக்கு இப்படி மாதம் தவறாமல் லீவு கொடுக்கும் அரசாங்கம் கிடைத்தால் அங்குள்ளவர்கள் என்ன கொடுக்கமாட்டார்கள்!

தமிழ் நாட்காட்டி இதற்கு விடையா?

இங்கே ஒரு குறுக்குவழி உடனே தோன்றும். எங்களிடம்தான் தைப்பொங்கல் இருக்கிறதே, அது சூரியன் வடக்கே திரும்பும் நாள், அதாவது யூல், சித்திரைப் புத்தாண்டு என்பது ஓஸ்டாரா, ஆடிப்பிறப்பு லித்தா. பெயரை மாற்றினால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். கணக்கு அப்படி ஒத்துவராது.

சூரியன் தெற்கெல்லையைத் தொட்டுத் திரும்புவது டிசம்பர் 21 அளவில். தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. நடுவே ஏறத்தாழ 24 நாட்கள். காரணம், எங்கள் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரப் பின்னணியில் வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு மெல்ல ஆடிச் சுழல்வதால், அந்தப் பின்னணி பருவங்களிலிருந்து சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கிராந்தியும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. இன்று இல்லை. வாக்கியமோ திருக்கணிதமோ, புண்ணியகால நேரத்தில்தான் இரண்டும் சண்டை பிடிக்கும். இந்த 24 நாள் விலகலில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளும் கொழும்புக்கு அளவெடுத்துத் தைத்தவை அல்ல. முன்பனியும் பின்பனியும் நுவரெலியாவில் கொஞ்சம் பொருந்தும், கொட்டாஞ்சேனையில் பொருந்தாது.

அப்படியிருந்தும் தமிழ் வீட்டு வழக்கங்களில் பருவத்தை உடம்பால் தொடும் பல அம்சங்கள் இருக்கின்றன. சித்திரைப் புத்தாண்டன்று மருத்துநீரைத் தலையில் தேய்த்து முழுகுகிறோம். கோயிலில் ஐயர் கரண்டியால் ஊற்றித் தரும் அந்த மஞ்சள் கலந்த மூலிகைக் கரைசலில் என்னென்ன இருக்கின்றன, தலையில் எந்த இலை, காலடியில் எந்த இலை என்பதைப் பஞ்சாங்கம் ஆண்டுதோறும் சொல்கிறது. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். ஆடி அமாவாசையில் தந்தைக்கும் சித்திரைப் பூரணையில் தாய்க்கும் விரதம்; சவ்வின் ஒரே இரவில் செய்ய முனைவதை எங்கள் ஆண்டு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆடியில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் ஊர்வலம். அதே காலத்தில் உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு.

சைவர்கள் பேகன்களா?

மேலே சொன்னதைப் படித்துவிட்டு "அப்போ நாங்களும் பேகன்தானே" என்று ஒருவர் சொல்லக்கூடும். மேலை நாட்டுப் பேகன்களில் சிலரும் இந்துக்களைத் தங்கள் உறவினர் என்று அழைக்கிறார்கள். நட்புக்குச் சரி, வகைப்பாட்டுக்குச் சரியில்லை.

மீட்டெடுத்த நெறி ஒன்றும், அறாமல் வரும் நெறி ஒன்றும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. பேகன் ஒருவர் தன் சடங்கைத் தானே தெரிந்தெடுக்கிறார். பெரும்பாலும் தனியாகவே செய்கிறார். சைவத்தில் ஆகமம், குருபரம்பரை, கோயில் நிர்வாகம், துடக்கு, ஊர்வழக்கு எல்லாம் இருக்கின்றன. நல்லதோ கெட்டதோ, இவற்றை ஒருவர் தன் விருப்பத்துக்கு மாற்றிவிட முடியாது. சாதி வேலி உட்பட அந்த மரபின் சுமைகளும் கூடவே வருகின்றன.

மறுபக்கமும் பார்க்கவேண்டும். சில விக்கா நூல்கள் காளியை அழிவின் தேவி என்று ஒரு வரியில் எழுதி, கறுப்பு மெழுகுதிரி ஏற்றச் சொல்கின்றன. முகத்துவாரம் காளி கோயிலில் சிங்கள பௌத்தரும் தமிழ்ச் சைவரும் ஒரே வரிசையில் தேசிக்காய் விளக்கோடு நிற்பதை ஒருமுறை பார்த்தவருக்கு அந்த ஒரு வரி போதாது என்று விளங்கும். கொழும்பில் இந்த நெறியை வாழ விரும்பும் ஒருவருக்குக் காளி என்பது அட்டைப்படம் அல்ல, அயலில் இருக்கும் தெய்வம். கோயிலுக்குப் போய் அங்குள்ள முறைப்படி கும்பிடலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

எட்டு நாட்களையும் பிடிவாதமாக வைத்திருக்க விரும்புவோருக்குத் தடை ஏதும் இல்லை. உலகெங்கும் உள்ளவர்களோடு ஒரே நாளில் சேர்ந்து செய்யும் மகிழ்ச்சி அதில் உண்டு. ஆனால் பருவத்தை வாழ்வதுதான் நோக்கம் என்றால், தேதியை விட்டுவிட்டு அடையாளத்தைப் பிடிப்பதே மேல்: நிழல் மறையும் இரண்டு நாட்கள், சூரியன் கடலில் இரு எல்லைகளையும் தொடும் நாட்கள், சோளகம் திரும்பும் நாள், ஆறுமணிக்குருவி வரும் நாள், பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பூரணைகள். இவற்றில் சில கணிக்கக்கூடியவை, சில காத்திருந்து பிடிக்கவேண்டியவை. தென்மேல் பருவக்காற்று மே கடைசியில் வரும் என்பார்கள், சில ஆண்டுகளில் பிந்தும். அப்போது சடங்கும் பிந்தும்.

பொருட்களுக்கும் இதே விதி. ஓக் இலையையும் ஹொலிக் கிளையையும் தேடி அலையவேண்டாம். கடல் கடந்து பொதி செய்து வரும், புகை போட எரிக்கும் வெண்சேஜ் இலைக் கட்டுக்கு விலை அதிகம். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலர் அதன் வணிகத்தை எதிர்க்கவும் செய்கிறார்கள். புறக்கோட்டையில் சாம்பிராணி கிடைக்கிறது.

சட்டப்படி இதில் சிக்கல் இல்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தாலும், 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. விரும்பிய சமயத்தையோ நம்பிக்கையையோ கைக்கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும். திருமணத்துக்கும் சமயச் சடங்கு கட்டாயமில்லை, பொதுச் சட்டத்தின் கீழ் பதிவாளர் முன்னிலையில் செய்துகொள்ளலாம்.

தடை வருவது பெரும்பாலும் தொடர்மாடியில். திறந்த தீ, நள்ளிரவுப் பாட்டு, மொட்டைமாடித் திறப்பு மூன்றும் குடியிருப்போர் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கும். பொங்கல் பானையையே மாடியில் வைக்க விடாத கட்டடங்கள் உண்டு. அகல் விளக்கு ஒன்றோடு தொடங்குங்கள். புகை உணர்கருவி எங்கே பொருத்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாம்பிராணி போடுங்கள். பக்கத்து வீட்டு அன்ரி என்ன விசேஷம் என்று கேட்டால், இன்று சூரியன் நேர் உச்சியில் என்று சொன்னால் அவருக்கு விளங்கும். காலையில் வானொலிச் செய்தியில் அவரும் கேட்டிருப்பார்.